எட்டாவது பாட்டின் பன்னிரண்டாவது வாசிப்பு

ஒலிப்பதிவுக்கென்று கோவளத்தில் வீடு எடுக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன், சார். காற்று நன்றாக இருக்கும். ஆனால் பஸ்காரர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார்கள்.

என் பெயர் ஸ்டான்லி. அப்பா கல்பாக்கத்தில் வேலை பார்த்தார். அந்த டவுன்ஷிப்பில் வளர்ந்தவன் நான். கிதாரில் ப்ளூஸ் வாசித்துப் பாடுகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் துக்கப் பாட்டு அது. என் முதல் ஆல்பம் முழுக்கச் சொந்தப் பாட்டு, பேரும் வந்தது. இரண்டாவதற்கு நூறு வருஷத்துப் பழைய பாட்டுகள் பத்தை எடுத்தோம். பதிவும் கம்ப்யூட்டருக்கு முந்தைய முறையில்தான். ஸ்பூல் டேப், வெட்டு ஒட்டு கிடையாது, பிசகினால் முதலிலிருந்து. எதிரொலிக்குக்கூடக் கம்ப்யூட்டர் இல்லை. அன்றைக்கெல்லாம் ஒரு வெற்று அறையில் ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து, பாட்டை உள்ளே அனுப்பி, சுவரில் மோதித் திரும்புவதைப் பிடிப்பார்கள். எங்களுக்கு அப்படி அறை இல்லை. வாசலில் தரைக்குக் கீழே தண்ணீர் சம்ப் இருந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு அதை வைத்துக்கொண்டோம்.

யோசனை என் மனைவி ஷபானாவுடையது. கோவளத்துக்காரி. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு என் ஒலிப்பதிவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அப்படி ஒரு காது அவளுக்கு. ஒல்லியானவள் என்பதால் சம்ப்பில் இறங்குவதும் அவள்தான்.

சிமெண்டுச் சுவரில் ஒலி மங்குகிறது என்று உள்ளே வழவழவென்று பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். பெயிண்டர் கலையரசன் வேலையை முடித்தபோது ஷபானா வீட்டில் இல்லை.

"அண்ணாத்த, மூணு நாளு மூடி தொறந்தே கெடக்கட்டும். அதுக்குள்ள எவனாச்சும் எறங்கினா பெயிண்டு நெடியில மயங்கி வுழுந்துடுவான்" என்றான்.

அதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதலில் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தேன். மறக்கவில்லை, சார். சொன்னால் மூன்று நாள் வேலை நின்றுவிடும்.

மறுநாள் மதியம் எட்டாவது பாட்டு. பதினொரு தடவை பாடினேன். பதினொரு தடவையும் அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இன்னா ஸ்டான்லி, எவனோ பட்ட கஷ்டத்த எடுத்து வச்சிகினு நீ அழுவுற மாதிரி நடிக்கிறே. உள்ள ஒண்ணுமே இல்ல."

எனக்கு வலித்தது. பத்திரிகையில் யாராவது எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இவள் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

மைக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் பார்க்கிறேன் என்று அவள் இறங்கினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான். அவள் இறங்கியதும் ஏணியை மேலே எடுத்துவிட்டேன். அது இரும்பு, பதிவில் அதிரும். பிறகு மூடியைப் போட்டேன். திறந்திருந்தால் ஹாரன் சத்தம் விழும். நான் செய்த எதற்கும் காரணம் இல்லாமல் இல்லை.

டேப்பை ஓடவிட்டுப் பாட ஆரம்பித்தேன். சம்ப்பில் இருந்த மைக் வழியாக அவள் குரல் ஹெட்போனில் வந்தது.

"ஸ்டான்லி, வெளாட்டு போதும். மூடியத் தொற."

இரண்டாவது சரணத்தில், "தல சுத்துது" என்றாள். அப்புறம் சுவரைத் தட்டினாள். அதைக் கேட்டுக்கொண்டே பாடும்போது, பதினொரு தடவை வராதது வந்தது. தொண்டை தானாக உடைந்தது. விரல்கள் நான் நினைக்காத இடத்துக்கெல்லாம் போயின. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், ஆனால் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும், அது திரும்ப வருமென்று என்ன நிச்சயம். மூன்றாவது சரணத்தில் தட்டுவது நின்றது. நான்காவதை அவசரப்படாமல் பாடி முடித்தேன்.

அப்போதும் மைக்கில் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வெளியே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

நான் டேப்பைத் திருப்பிச் சுற்றி, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை போட்டுக் கேட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை உடனே ஷபானாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் எழுந்து போய் மூடியைத் திறந்தேன்.