கால்வாய்க்கு எந்தக் கரை?

இன்சீன் போகும் வட்ட ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர், பக்கத்திலிருந்த வயதான அம்மாவிடம் சொன்னதைக் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"உங்க மகனுக்கு என் பொண்ணைத் தர ஆசைதான், மதினி. ஆனா ரெண்டு வீடும் கால்வாய்க்கு ஒரே கரையாப் போச்சே!"

"ரங்கூனுக்கு வந்து தலையே நரைச்சாச்சு. இன்னும் கால்வாயா, தம்பி?"

"பெகுப் பக்கம் நம்ம ஊரு வழக்கம் அதுதானே? ஒரே கப்பல்ல வந்தவங்க ஒரே கரையில குடிசை போட்டாங்க. ஒரே கரைன்னா பங்காளி. பொண்ணு எடுக்கிறது, கொடுக்கிறது எல்லாம் எதிர்க்கரையிலதான்."

"வெள்ளம் வந்த வருஷம் எங்க மூங்கில் வீட்டை ஊரே சேர்ந்து தூக்கி எதிர்க்கரை மேட்டுல வச்சதே, மறந்துட்டீங்களா?"

"மறக்கவா? நெஞ்சளவு தண்ணி! ஒரு மூலை என் தோள்லதான் இருந்துச்சு. உங்க மாமியார் இறங்க மாட்டேன்னு வீட்டுக்குள்ளயே உட்கார்ந்து வெத்தலை மென்னுக்கிட்டு, 'ஆட்டாமத் தூக்குங்கடா'ன்னு அதட்டினாங்களே!"

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

"அந்த மேட்டுலதான் என் மகன் பிறந்தான், தம்பி."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். இன்சீனில் ரயில் நின்றதும் அந்த அம்மாவின் கூடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"பார்த்து இறங்குங்க, சம்பந்தி."