பத்திலிருந்து பூச்சியம் வரை

பிளேன்டீ ஆறுகிறது, குடியுங்கள் தங்கச்சி. கண்டி தாண்டி இந்தக் கெலிஓயாவுக்கு இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிகிறது. உங்கள் தம்பி பரமநாதன் இந்த வீட்டு முன்னறையில்தான் வாடகைக்கு இருந்தான். 2008இல் பொலிஸ் அவனைக் கொண்டுபோன அன்று நடந்ததைக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

அப்போது வேலை முடிந்து வந்து, ஆசைக்கு ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தேன். அதிலுள்ள பெட்டிக்குள் நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைகளை, எழுதிப் பொத்தானை அழுத்தினால், என் கணினி அதை ஓட்டி விடையைக் கீழே காட்டும். புதியவர்கள் திகைக்கக் கூடாதென்று, பக்கத்தைத் திறந்ததும் நான் எழுதிய ஒரு சின்ன உதாரணம் தானாகவே வந்து நிற்கும். பத்திலிருந்து பூச்சியம் வரை எண்ணி, முடிவில் 'பூம்' என்று காட்டும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

கணினி படிக்கிறவன்தானே என்று உங்கள் தம்பியிடம் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் என் நண்பர்கள் இருக்கும்போது சிரித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணை, உங்கட பக்கத்துக்குள்ளால உங்கட கணினிக்குள்ளயே போகலாம். அலுமாரியத் திறந்து விட்ட மாதிரிக் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. அன்றிலிருந்து சந்தேகம்தான். என்னவெல்லாம் பார்த்திருப்பான்? கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறான்? யாழ்ப்பாணத்துப் பெடியன், காலமும் யுத்த காலம். நானும் யாழ்ப்பாணம்தான், ஆனால் கண்டியில் ஊறிப்போனவன்.

பொலிஸ் வீடுவீடாகச் சோதிக்கும் சுற்றிவளைப்பு வந்தபோது அவன் என் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தான், ஓட்டையை அடைக்க வழி தேடிக்கொண்டு. அவனுக்குச் சிங்களம் வராது. நான்தான் மொழிபெயர்த்தேன். அதிகாரி திரையைக் காட்டி, இது என்ன என்றார். எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் என்றேன். முடிவில் என்ன நடக்கும் என்றார். வெடிக்கும் சத்தத்தைக் காட்டும் என்றேன். இரண்டும் உண்மை.

"அண்ணை, அது உங்கட உதாரணம் எண்டு சொல்லுங்கோவன்." என்று என்னிடம் தமிழில் கெஞ்சினான்.

வெறும் உதாரணம் என்று சொல்கிறான் என்றேன். 'உங்கட' என்ற ஒரு சொல்லைத்தான் விட்டேன். ஜீப்பில் ஏறும்போதும் அவன் என்னைச் சந்தேகிக்கவில்லை. "அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னான். அதன்பிறகு அவனை யாரும் காணவில்லை.

பக்கம் இன்றும் ஓடுகிறது. அவன் காட்டிய ஓட்டையை அடைத்துவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எவ்வளவோ பேர் வந்து பழகுகிறார்கள். அந்த உதாரணத்தை மட்டும் நான் மாற்றவில்லை. அதில் பிழை ஒன்றும் இல்லையே, தங்கச்சி.