போதும் என்று சொல்லாத வாத்தியார்

உச்சிப் பொழுது. சித்திரை வெயில். வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் வருகிற பாதையில் ஒரு காக்கைகூட இல்லை... ஆமாம், பகல்தான். அங்கே யார் சிரிப்பது? பேய் இருட்டினால்தான் கிளம்பும் என்று உனக்கு எவன் சொன்னான்? பட்டப் பகலில் வருவதுதான் ரொம்ப மோசம்.

நெருங்கி உட்காருங்கள். அந்த விளக்கைச் சற்று இப்படி நகர்த்துங்கள். இது யாரோ முன்பின் தெரியாதவர்களுக்கு நடந்ததில்லை. இதோ, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறானே நமச்சிவாயம், இவனுடைய சின்னம்மா மகள் வள்ளி வீட்டு விஷயம். நான் எங்காவது தப்பினால் அவன் திருத்தட்டும்.

சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு சங்கீத பாடசாலை. ஜெர்மன் சண்டை முடிந்த சமயத்தில் ஜவுளி வியாபாரிகளும் வக்கீல்களும் சந்தா போட்டு ஆரம்பித்தது. முதல் வருஷம் முழுக்க வெறும் ஸ்வரம்தான்; மெதுவாக, வேகமாக, இன்னும் வேகமாக. அடுத்த வருஷம் கீதம், அப்புறம் வர்ணம். கீர்த்தனை என்று வாயைத் திறக்க நாலாவது வருஷம் ஆகிவிடும். தலைமை வாத்தியார் அழகியமணவாளன். பாட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது. நெஞ்சில்தான் ஈரம் கிடையாது.

அவர் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு. பாட ஆரம்பித்த பிள்ளை, தொடையில் தாளம் போட்டபடி, அவர் வாயால் "போதும்" என்று சொல்லும் வரை அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். வேறு யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குருவை அவமதித்ததாகும். அவரும் தம் குருவிடம் அப்படித்தான் படித்தாராம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

அங்கேதான் வள்ளியின் மகள் தையல்நாயகி போய்ச் சேர்ந்தாள். பதினாலு வயசு. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாடுவதைக் கேட்ட யாரோ ஒரு புண்ணியவான் சம்பளம் இல்லாமல் இடம் வாங்கிக் கொடுத்தார். தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுவிட்டு அப்படியே வகுப்புக்கு ஓடி வருவாள். பாவாடையில் புளித்த கஞ்சி வாடை அடிக்கத்தான் செய்யும். நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணிடம் பின்னே புனுகா மணக்கும்? அந்த மனுஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏய் கஞ்சி, தள்ளி உக்காரு" என்பார். எப்போதும் கஞ்சிதான்.

ஒரு நாள் அவளுக்குத் தொண்டைக் கட்டு, ஜுரம். மேலே போய் இறங்கும்போது நிஷாதம், அந்த 'நி', பிசகியது.

"ச நி த ப... ம க ரி ச. இதையே பாடு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தப்படாது."

அந்த நேரம் பார்த்து வண்டிக்காரன் கலியன் வந்து நின்றான். பாடசாலைக்கு நன்கொடை கொடுக்கிற பெரிய மனுஷர் வாலாஜாபாத் ஸ்டேஷனில் இறங்கிவிட்டாராம். வாத்தியார் அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். போனவர் விருந்து சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துவிட்டார். பெண் பாடிக்கொண்டிருப்பது நினைவில் இருந்தால்தானே!

சாயங்காலம் காவல்காரர் ராமலிங்கம் கெஞ்சிப் பார்த்தார். "வூட்டுக்குப் போம்மா. அவரு இன்னிக்கி வரமாட்டாரு."

மூச்சு வாங்கும் இடைவெளியில் அவள் சொன்னது இதுதான். "ஐயா போதும்னு சொல்லலியே."

விளக்கு வைத்த பிறகு வள்ளி தேடிக்கொண்டு ஓடி வந்தாள். பெண்ணுக்குக் குரலே இல்லை. வாயிலிருந்து வெறும் காற்று. உதட்டில் ரத்தம். கை மட்டும் தொடையில்... தட்டு, விரல், விரல், விரல். தட்டு, வீச்சு. தட்டு, வீச்சு.

"போதும்டி கண்ணு" என்று வள்ளி அந்தக் கையைப் பிடித்தாள். நிற்கவில்லை. வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பாயில் போட்ட பிறகும் நிற்கவில்லை. வாத்தியார் ஊர் திரும்பியதும் வள்ளி அவர் வாசலில் போய் விழுந்தாள்.

"ஒரு வாட்டி வந்து போதும்னு சொல்லிட்டுப் போங்க சாமி. நீங்க சொன்னாத்தான் அடங்குவா."

"ஜுரத்துக்குக் கஷாயம் குடு. இதுக்கெல்லாம் நான் நெசவுத் தெருவுக்கு வரணுமா?"

கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரமே பெண் போய்விட்டாள். என்ன நமச்சிவாயம்? "வெள்ளிக்கெழமப்பா" என்கிறான். ஒரு வார்த்தை ஐயா! காசா, பணமா? இப்போது சொன்னாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இனி அந்தச் சித்திரை வெயிலுக்கு வாருங்கள். அது மறு வருஷம். ஆண்டு விழாவுக்குப் பெரிய மனுஷரை அழைத்துவிட்டு வாத்தியார் திரும்பிக்கொண்டிருந்தார். கலியன் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போனான். இவர் புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

காற்று நின்றது... இலை அசையவில்லை. முதலில் வாடைதான் வந்தது. புளித்த கஞ்சி வாடை. சுற்றிலும் வெறும் பொட்டல். அங்கே ஏது பாவு, ஏது தறி?

அப்புறம் குரல். மரத்துக்குப் பின்னாலிருந்து... இல்லை, முதுகை ஒட்டி. ச நி த ப... ம க ரி ச. நிஷாதம் பிசகாமல் சுத்தமாக நின்றது.

நீங்களும் நானும் என்றால் எழுந்து ஓடியிருப்போம். இவர் பாட்டு வாத்தியார் ஆயிற்றே! பாட்டு காதில் விழுந்தால் கை சும்மா இருக்குமா? யார், என்ன என்று யோசிப்பதற்கு முன்னாலேயே தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. இரண்டு சுற்று போன பிறகுதான் யாருடைய குரல் என்று புரிந்தது.

"போ... போதும்!"

ஒரு வருஷம் கழித்துச் சொன்னார், மகராஜன். குரல் அந்தக் கணமே நின்றது. அவர் கை நிற்கவில்லை.

கலியன் திரும்பி வந்தபோது அவர் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். "இன்னா சாமி, யாரும் பாடவே இல்ல, தாளம் போட்டுக்கினு இருக்கீங்க?" என்று கேட்டானாம்.

விழா நாளன்று கையைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். பாடசாலையின் சரித்திரத்தை வருஷா வருஷம் தலைமை வாத்தியார்தான் வாசிப்பது வழக்கம். "இங்கே சேர்ந்த மாணாக்கர் எவரும் இன்றுவரை பாதியில் நின்றதில்லை" என்று படித்தார். கூசாமல் படித்தார் பாருங்கள்! கட்டு அவிழ்ந்து கை மேஜைமேல் விழுந்தது. தட்டு, விரல், விரல், விரல்... தண்ணீர்ச் சொம்பு உருண்டது. சபை சிரித்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் மட்டும், என்னவோ புளிக்கிறது என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

வைத்தியர் வந்தார், மந்திரவாதி வந்தார். கையைக் கட்டிப் போட்டால் கயிறு அறுந்தது. தொடை புண்ணாகிச் சீழ் பிடித்தது. தூக்கம் கிடையாது. கடைசியில் அவர் மனைவி பெருந்தேவி நெசவுத் தெருவுக்கு நடந்தே வந்து வள்ளியின் எதிரில் நின்றாள்.

"சொல்ல வேண்டியவ போயிட்டா. பெத்தவ நீ வந்து போதும்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. உன் கால்ல விழறேன்."

வள்ளி போனாள். அவள் கதவைச் சாத்தவில்லை, கவனியுங்கள். வாத்தியார் எதிரில் உட்கார்ந்து அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சொல்றேன். எம் பொண்ணு பேரு இன்னா? அத்த உங்க வாயால சொல்லுங்க. அப்பால நான் சொல்றேன்."

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மனைவியைப் பார்த்தார். அவளுக்கு எப்படித் தெரியும்? "கஞ்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வள்ளி எழுந்தாள். "ஒரு வருசம் உங்க எதிர்ல உக்காந்து பாடிச்சி, சாமி. நல்லா யோசிங்க. ஞாபகம் வந்தா ஆள் அனுப்புங்க. வரேன்."

அன்றிலிருந்து யோசிக்கிறார். தட்டுக்கு ஒரு பெயர். "பெரியநாயகி... அலமு... அஞ்சலை..." உச்சி வேளையில் அவர் வீட்டுப் பக்கம் போனால் நீங்களே கேட்கலாம். ராமலிங்கம் பாவப்பட்டு ஒரு நாள் ஜன்னலோரம் போய் நின்றார். சரியான பெயர் வந்தால் ஓடிப்போய் வள்ளியை அழைத்து வரலாம் என்று.

வந்தது. "தையல்நாயகி" என்று தெளிவாகச் சொன்னார். அதுதான் அந்தப் பெயர் என்று தெரியாமலே அடுத்த தட்டில் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.