மீசை முடியில் ஏறிய கோடு

ஐயோ மாமா, அந்த மிஷினத் தொடாதீங்க, சூடா இருக்கும். இப்படி உக்காருங்க. ஆமா, இந்தத் தாள்ல கடல்நாய்க் கோடு ஏறித்தான் இருக்கு. நான் எங்க இல்லன்னேன்? ஆனா ஏன் ஏறுச்சுன்னு கேளுங்க.

கடல்நாயோட மீசை இருக்கே, நம்ம முடி மாதிரி வளந்துக்கிட்டே இருக்கும். தின்னதெல்லாம் அதுல பதிஞ்சிடும். அதத் துண்டு துண்டா நறுக்கி இந்த மிஷின்ல எரிப்போம். நைட்ரஜன்ல எடை கூடின ஒரு வகை இருக்கு. சின்ன மீனத் தின்ற பெரிய மீன்கிட்ட அது கொஞ்சம் கூட இருக்கும், பெரிய மீனத் தின்ற கடல்நாய்கிட்ட இன்னும் கூட. அது கூடக் கூட மிஷின் போடற கோடும் ஏறும். அதான் எங்க டைரக்டர் கோட்டப் பாத்ததும், இதுங்க பெரிய பெரிய மீனா தின்னுதுன்னு எழுதிட்டார். நம்ம மீனத் திருடுறது இதுங்கதான்னு உங்க படகுச் சங்கத்துக்கும் வாயெல்லாம் பல்லு. சுடறதுக்கு உத்தரவும் வாங்கிட்டீங்க.

சிரிக்காதீங்க மாமா. பட்டினி கெடந்தாலும் கோடு ஏறும். வெளிய ஒண்ணும் கிடைக்கலன்னா ஒடம்பு தன் சதையையே தின்ன ஆரம்பிச்சிடும், அதுவும் பெரிய மீனத் தின்ன மாதிரிதான் பதியும். செத்துக் கரை ஒதுங்கினத நான்தானே அறுத்தேன்? தோலுக்கு அடியில கொழுப்பே இல்ல. முந்தியெல்லாம் பாறையில கால் வைக்க இடம் இருக்காது, அவ்வளவு கெடக்கும். இப்ப விரல் விட்டு எண்ணிடலாம். அதையும் சுடப் போறீங்க. டைரக்டர்கிட்ட சொல்லிச் சொல்லித் தொண்டத்தண்ணி வத்தினதுதான் மிச்சம்.

ஆதாரமா? அவரும் அதத்தான் கேட்டார். என்ன சாப்பாடுன்னு நல்லாத் தெரிஞ்ச ஒரு உசிரோட முடி இருந்தா கொண்டு வா, பாக்கலாம்னார். என் முடியப் போட்டேன். கோச்சுக்காதீங்க, உங்க தலகாணியில இருந்ததையும் எடுத்துட்டேன். ரெண்டும் நேரா போகுது. ஒரே அடுப்புல ஆக்கினதத்தானே வீட்ல மூணு பேரும் சாப்பிட்டோம்?

அக்கா சீப்ப நீங்க இன்னும் எடுத்து வைக்கலையே, கண்ணாடிக்கிட்டயே கெடக்கே. அதுல சிக்கியிருந்த முடி. எவ்வளவு நீளம் அக்காவுக்கு. அந்தத் தாள்ல மூணாவது கோடு. பாருங்க.

அக்கா போனப்ப நெஞ்சு வலின்னுதான் டாக்டர் எழுதினார். நாமளும் நம்பினோம். தட்டு கழுவிக் கவுத்து வச்சிருக்கும், சாப்பிட்டாச்சுன்னு நெனச்சோம். உங்க பையன் கடலோட போனானே, அந்த மாசத்துலேர்ந்து ஏறுது மாமா. எறங்கவே இல்ல.

டைரக்டர்கிட்ட இதையும் காட்டினேன். ஒத்த முடிய வச்சு உத்தரவ நிறுத்த முடியாதுன்னுட்டார். நீங்க தாராளமா சுடலாம்.

அதுங்களாவது கடல்ல மீன் இல்லாம பட்டினி கெடக்குதுங்க.