இருபது கிலோ, அஞ்சு தடவை

— எங்கம்மா தோள்ல இருக்கிற அந்த மேட்டைத் தொட்டுட்டு உதட்டைப் பிதுக்காதீங்க சார். எனக்குக் கோவம் வரும்.

— பாரும்மா, குடோன் சூப்பர்வைசர்னா எல்லாத்தையும் பாக்கத்தான் செய்யணும். உங்கம்மா தோள்ல எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. மூட்டு நழுவின ஆளை லாரியில லோடு ஏத்த விட முடியுமா? நாளைக்கு ஒண்ணுன்னா என் தலைதான் உருளும். ரூல்னா ரூல்.

— மூட்டு நழுவவே இல்ல. அஞ்சு மாசமா இதைத்தான் தொண்டை கிழியச் சொல்றேன். நழுவறதுன்னா கை எலும்போட உருண்டை குழியை விட்டு வெளிய வர்றது. இது வேற. கழுத்துக்குக் கீழ குறுக்கால போகுதே காறை எலும்பு, அதோட நுனியும் தோள்பட்டை உச்சியும் சேர்ற இடம் பிரிஞ்சுபோச்சு. கட்டி வச்சிருந்த நார் அறுந்ததும் நுனி மேல எம்பிடுச்சு.

— எதுவோ ஒண்ணு, ரெண்டும் தோள்தானே?

— உங்க ஆளுங்களும் அப்படித்தான் நெனச்சாங்க. அம்மா லாரியிலேர்ந்து தோள் அடிபட விழுந்ததும் ரெண்டு பேர் உடம்பைப் பிடிச்சுக்க, ஒருத்தர் அக்குள்ல காலைக் கொடுத்துக் கையை இழுத்திருக்காரு. வெளிய வராத உருண்டையை உள்ள தள்றதுக்கு. பாதி அறுந்திருந்த நார் அதுல மிச்சமும் போயிருக்கும்.

— அவனை ஏன்டி கரிச்சுக்கொட்டறே. பதறிப்போய் செஞ்சான். இங்க யாரு விழுந்தாலும் அதான் வைத்தியம். போன வருஷம் நானே ஒருத்தன் கையை இழுத்திருக்கேன், பாவம், அவனுக்கு என்ன இருந்துச்சோ.

— நீ கொஞ்சம் சும்மா இரும்மா.

— பாத்தீங்களா சார், பெத்த வாய்க்கே பூட்டு. பிசியோதெரபி படிச்சவ, வீட்ல மொதல் பட்டம் இல்லையா, அதான்.

— சிரிக்காதீங்கக்கா. இவ்வளவு பெரிய காயம்னா ஏன் ஆபரேஷன் பண்ணல?

— அதை நான் சொல்றேன் சார். பெரிய டாக்டர் ரெண்டு தோளையும் சேத்து எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாரு. எலும்பு பின்பக்கம் குத்திக்கிட்டுப் போயிருந்தாலோ, தோலைக் கிழிக்கிற மாதிரி எம்பியிருந்தாலோ கத்தி வைக்கணும், இதுக்கு வேண்டாம்னாரு. ரெண்டு மூணு வாரம் கழுத்துலேர்ந்து கைக்குத் தூளி கட்டி, ஐஸ் வச்சோம். அப்புறம் மெதுவா அசைச்சோம். அப்புறம் ரப்பர் பட்டை, கடைசியில எடை. மேடு மட்டும் போகாது, எழுதிக்கோங்க, சாகிற வரைக்கும் இருக்கும். நாங்க என்ன அழகுப் போட்டிக்கா வந்திருக்கோம்?

— அந்த ரப்பர் பட்டையைச் சொல்லாதடி. ஜன்னல் கம்பியில கட்டிவிட்டு என்னைச் செக்கு மாடாட்டம் இழுக்க வச்சா சார். நானே கையைத் தூக்கித் தலை வாரின அன்னிக்கு அழுதுட்டேன். இவ பக்கத்துல நின்னு, இன்னும் பத்து தடவைங்கறா.

— எல்லாம் சரிக்கா. லோடு வேலைக்குத் தகுதி இல்லைன்னு நான் ஃபாரத்தை நிரப்பியே வச்சுட்டேன். ஒரு கையெழுத்துப் போடுங்க. பெருக்கற வேலை தர்றேன். குனிஞ்சு நிமிந்தா முடிஞ்சுது.

— பதினாறு வருஷம் லோடு ஏத்தினவ கையில விளக்குமாறா? என் இடத்துல உங்க மச்சினன் நிக்கிறானே, அவனுக்கு அதைக் குடுங்க, நல்லா வருவான்.

— அம்மா, விடு. சார், நீங்க அனுப்பின கடுதாசியில என்ன இருக்கு? இருபது கிலோ பெட்டி, தலை உயர ரேக்குல அஞ்சு தடவை வைக்கணும். வச்சா பழைய வேலை. ரூல்னா ரூல்தானே?

— அதுக்கென்ன, பெட்டியைக் காலையிலேயே கட்டி வச்சிருக்கேன். அதோ. ஒரு தடவை தவறினாலும் கையெழுத்து.

— வாம்மா. தோளைப் பின்னால இழு. காதுக்கிட்ட ஏத்தாதே. பெட்டி நெஞ்சோட ஒட்டியே வரட்டும். மூச்சை விட்டுக்கிட்டே தூக்கு.

— லோடு தூக்க எனக்கே சொல்லிக்குடு. தள்ளி நில்லு.

— ஒண்ணு. இறக்கு, மெதுவா. ரெண்டு. என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? வலிக்குதா?

— வலி இல்ல. நீ எண்ணு.

— மூணு. வீட்ல இருபதுக்கு இவ்வளவு வேர்க்காதே. நிறுத்திடலாமா?

— நிறுத்தினா நான் உன் அம்மா இல்ல. எண்ணுடி.

— நாலு. முழங்கையை உள்ள வை. அப்படித்தான். அஞ்சு. அஞ்சும்மா. வச்சுட்டே. சார், ஃபாரத்தைக் கிழிங்க.

— சரி சரி. ஏதோ தூக்கிட்டாங்க. பெட்டியை அங்கேயே விட்டுடும்மா, நான் பாத்துக்கறேன்.

— ஏன் இந்த அவசரம்? இருங்க, இந்தத் தராசுல வைக்கறேன். அப்பா, என்ன கனம். இருபத்தெட்டு. சார், இருபத்தெட்டு காட்டுது.

— பசங்க மாத்திக் கட்டியிருப்பாங்க.

— நீங்க கட்டினதுன்னு இப்பத்தானே சொன்னீங்க? வெக்கமா இல்ல? அம்மா, நீ எதைத் தொட்டாலும் எத்தனை கிலோன்னு சொல்லுவியே. உனக்குத் தெரியலையா?

— தெரியாம என்ன. தரையை விட்டு எழும்பும்போதே தெரிஞ்சுபோச்சு.

— அப்பவே கீழ போட்டுட்டுக் கேட்டிருக்க வேண்டியதுதானே?

— கேட்டிருந்தா மன்னிப்புக் கேட்டுட்டு இருபதைக் கொண்டாந்து வச்சிருப்பாரு. எழுதுங்க சார், இருபத்தெட்டுன்னே எழுதுங்க.