ஆள்தான் வேற

தச்சநல்லூர் வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் அலுவலர் சொன்னார்: “ரூபா நாலே நொடியில வந்துட்டு அண்ணாச்சி. ஆள்தான் வேற.”

தாயின் அறுவைச் சிகிச்சைக்குப் பெரியவரின் மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணம், விரல் தவறி, சாத்தான்குளத்துத் தாய்மாமன் கணக்கில் விழுந்திருந்தது.

“அத அழிச்சிட்டு என் பேர்ல எழுதும்வே.”

“இது பிளாக்செயின் அண்ணாச்சி. ஒரே பேரேடு, எல்லா பேங்குலயும் நகல் இருக்கு. யாரும் அழிக்க முடியாது.”

“தப்புன்னு தெரிஞ்சுமா?”

“அத்தன பேங்கும் சரிதான்னு ஒத்துக்கிட்டாச்சே. ஒங்க மச்சினன் மனசு வச்சாத்தான் திரும்பும். கேட்டுப்பாருங்க.”

“பேசிப் பன்னெண்டு வருசமாச்சு வே.”

பெரியவர் செல்பேசியைப் பைய எடுத்தார்.

“நாளைக்கு அவன் அக்காளுக்கு ஆபரேசன்னே அவனுக்குத் தெரியாது. மொதல்ல எதச் சொல்ல?”