அடுப்புக்குச் சிறைப்பட்ட கொத்தனார்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நகரவைத் தலைவர் பலாதியஸ் அவர்களே, ஒலிவத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, மாவு படிந்த கைகளோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, புதிய வாய்க்கால் கரையில் வரிசையாக அமர்ந்திருக்கும் தோழர்களே! இருபது ஆண்டுகளுக்கு முன் உங்களைப் பிடித்துக் கட்ட வந்த இந்த விந்தெமியஸின் வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்; அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

ரோமப் பேரரசு இந்த மண்ணில் ஏன் சரிந்தது என்று பேசச் சொன்னார் தலைவர். குதிரையேறி வந்தவர்கள் கவிழ்த்தார்கள் என்பார்கள். வந்தார்கள், மறுக்கவில்லை. வந்தபோது தடுக்க யார் இருந்தார்கள்? அரசு அதிகாரிகளான நாங்கள் விளையாத நிலத்துக்கும் வரி கேட்டோம்; உழவன் ஓடினான். ஓடியவன் வரியை ஊரவை உறுப்பினர் தலையில் சுமத்தினோம், உறுப்பினரும் ஓடினார். மாளிகைக்காரரிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் வீட்டு விருந்தில் அல்லவா இருந்தோம்! ஓட்டத்தை நிறுத்த ஒரு சட்டம் வந்தது. உழவன் மகன் உழவன். ரொட்டிக்காரர் மகன் ரொட்டிக்காரன். ரொட்டிக்காரர் மகளைக் கட்டுகிறவன் அடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும்!

இவ்வூர் ரொட்டிக்காரரின் மகள் ஊர்சினா. அவர்மேல் ஆசை வைத்தார் கொத்தனார் தலாசியஸ். "பொண்ணு நல்ல பொண்ணுதான்டா, ஆனா அந்த அடுப்பு உன்ன விடாது!" என்று நண்பர்கள் தடுத்தார்கள். மணந்தார். மறுநாளே சட்டப்படி அவருடைய கொத்துக் கரணை பறிபோனது. ரொட்டி சுட்டார், கருகியது. மறுபடி சுட்டார், வேகவில்லை. அங்கே தலையாட்டுகிறவர் தின்றவர் போலிருக்கிறது!

அந்த மழைக்காலத்தில் வாய்க்கால் இடிந்தது. தண்ணீர் இல்லை, மாவு ஆலை சுற்றவில்லை. அதைக் கட்டத் தெரிந்த ஒரே கை அடுப்படியில் கட்டுண்டு கிடந்தது! அவரை வாய்க்கால் வேலைக்கு விட அனுமதி கேட்டு ஊரார் தலைநகருக்கு மூன்று முறை எழுதினார்கள். பதில் இல்லை. முப்பது குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. பொறுக்கமாட்டாமல் தலாசியஸ் கரணையை எடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரி நான்.

இடிந்த கரையிலேயே பிடித்தேன். "ஏய், நீ ரொட்டிக்காரன். இங்க என்னடா வேலை?"

ஊர்சினா முன்னால் வந்தார். "ஐயா, அவரு சுட்ட ரொட்டிய நீங்க தின்னதில்ல. தின்னிருந்தா நீங்களே கரணைய எடுத்துக் கொடுத்திருப்பீங்க. பத்து வயசுலேருந்து அந்த அடுப்புல நிக்கிறவ நான். உங்க சட்டத்துக்கு என் கை கண்ணுல படலயா?"

"சட்டம் போட்டது நானில்லம்மா."

"சரி, இந்த வேலைக்கு நீங்க ஆசப்பட்டா வந்தீங்க?"

தாய்மார்களே, அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆசைப்பட்டவன் நான். "எங்கப்பா பாத்த வேலைம்மா" என்றேன்.

"அட பாவமே! நீங்களும் எங்கள மாதிரிதானா? உக்காருங்க, சாப்பிடுங்க."

உட்கார்ந்தேன். 'இவ்வூரில் ரொட்டிக் குடும்பம் ரொட்டி சுடுகிறது; சட்டம் குறைவின்றி நடக்கிறது' என்று தலைநகருக்கு எழுதினேன். பொய்யா? ஒரு சொல்கூடப் பொய்யில்லை! பதினோராம் நாள் தண்ணீர் வந்தது. போன குடும்பங்களில் பாதிக்கு மேல் திரும்பின. நான் திரும்பிப் போகவேயில்லை. என்னைத் தேட ஆளனுப்ப வேண்டிய அலுவலகமே இரண்டாண்டில் பூட்டிக்கிடந்தது. இன்று உங்கள் கோவேறு கழுதைகளுக்கு வைத்தியம் பார்த்து, அவற்றிடம் உதை வாங்கி, நிறைவாக வாழ்கிறேன்!

மக்களைக் கட்டிப்போட்டால் மாநிலம் நிலைக்கும் என்று நினைத்தது அரசு. கட்டிய கை உழுமா? கட்டிய கால் காக்குமா? கட்டுண்டவன் தன் காவலனுக்காகப் போர்முனையில் நிற்பானா? அவிழ்த்துவிட்டது இந்த ஊர். அதனால் எழுந்தது இந்த ஊர்! இந்தப் புதிய வாய்க்காலைக் கட்டியவள் அந்தத் தம்பதியின் மகள் மௌரா. எந்தச் சட்டம் அவளைக் கொத்துவேலைக்கு அனுப்பியது? ஆசை அனுப்பியது!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், அன்று உட்காரச் சொன்ன ஊர்சினா அம்மையாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வாழ்க நீங்கள், வணக்கம்!